சாக்ஸைக் கழற்றிப் பாருங்கள்

படுத்த படுக்கையாக இருக்கிற ஒருவருக்கு, ஏப்ரல் மாத வெயிலில், இரண்டு காலிலும் தடித்த சாக்ஸ் எதற்கு? எங்கள் அத்தை விஷயத்தில் எல்லாம் வெளியே வந்தது இந்தக் கேள்வியில்தான். "பாட்டிக்குக் கால் ஜில்லுனு ஆயிடுதுங்க மேடம், அதான் போட்டு விட்டிருக்கோம்" என்றார் மேனேஜர். கழற்றினேன். வலது கால் சாக்ஸ் வந்துவிட்டது, இடது கால் வரவில்லை, குதிகாலோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு நனைத்து மெதுவாக எடுத்தால், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் கறுத்து, ஓரமெல்லாம் கசிந்துகொண்டிருந்தது. நாற்றம் வேறு. ஒரு ராத்திரியில் வருகிற புண் இல்லை அது.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது, அதற்கப்புறம் மறதியும் கூடிக்கொண்டே போனது. வீட்டில் ஆள் வைத்துப் பார்த்தோம், ஆள் நிலைக்கவில்லை. கடைசியில் கோவைக்கு வெளியே, மாதாமாதம் பணம் கட்டுகிற ஓர் இல்லத்தில் சேர்த்தோம். பெயர் வேண்டாம். பளபளவென்று தரை, வாசலில் பிள்ளையார், வராந்தா முழுக்கக் கேமரா என்று குறை சொல்ல முடியாத இடம். கேமரா வராந்தாவில்தான் இருந்தது, அறைக்குள் இல்லை.

அத்தை மாதிரி, வலித்தால்கூட இங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களை ஏதாவது ஒரு இல்லத்தில் விட்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நாம் போனால் பழம் கொடுப்போம், தலையைத் தடவுவோம், "நல்லா இருக்கீங்களா" என்று கேட்போம், ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம், கிளம்பிவிடுவோம். முகம் பவுடர் போட்டு, தலை சீவி, நன்றாகத்தான் இருக்கும். பார்க்க வேண்டியதெல்லாம் போர்வைக்கு அடியில் இருக்கிறது.

படுக்கைப் புண் எங்கே வரும் என்று தெரிந்துகொள்ளுங்கள். முதுகின் கீழ் எலும்பு, இடுப்பின் இரண்டு பக்கம், குதிகால், கணுக்கால் எலும்பு, தோள்பட்டை, பின்னந்தலை. எலும்பு மேல் சதை குறைவாக இருக்கிற இடமெல்லாம் வரும். ஒரே பக்கம் அழுந்திக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். ஆரம்பத்தில் சிவப்பாக இருக்கும், விரலால் அழுத்தி எடுத்தாலும் வெளுக்காது, அதுதான் முதல் எச்சரிக்கை. நம் நிறத்துத் தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. சுற்றியிருக்கிற தோலைவிடக் கறுப்பாகவோ கத்தரிப்பூ நிறமாகவோ இருக்கும், தொட்டால் சூடாக அல்லது கெட்டியாக இருக்கும். தன்னால் புரள முடியாதவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும் என்பது வழக்கமான மருத்துவ அறிவுரை. ஏர் பெட் வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், ஏர் பெட் போட்டாலும் திருப்பித்தான் ஆக வேண்டும். அப்புறம் அந்தப் பெட்டின் மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்துப் பாருங்கள். அத்தையின் மெத்தைக்கு நாங்கள் வாங்கிக் கொடுத்த மோட்டார் கட்டிலுக்கு அடியில் பிளக் பிடுங்கிக் கிடந்தது, அந்தப் பிளக் பாயிண்டில் யாரோ செல்போன் சார்ஜ் போட்டிருந்தார்கள்.

நல்ல கவனிப்பு இருந்தும் சிலருக்குப் புண் வரலாம், சர்க்கரை இருந்தால், ரொம்ப இளைத்திருந்தால், கடைசிக் காலத்தில். அதனால் புண் இருக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துச் சண்டைக்குப் போகாதீர்கள். புண் வந்ததை நம்மிடம் சொன்னார்களா, மறைத்தார்களா என்பதைத்தான் நான் பார்ப்பேன். சாக்ஸ் போட்டு மூடுகிறவர்களுக்குப் புண் இருப்பது தெரியும்.

அன்றைக்குத்தான் கட்டில் தலைமாட்டில் தொங்கிக்கொண்டிருந்த சார்ட்டையும் எடுத்துப் பார்த்தேன். எத்தனை மணிக்குத் திருப்பிப் படுக்க வைத்தார்கள், எப்போது டயப்பர் மாற்றினார்கள், எவ்வளவு தண்ணீர் கொடுத்தார்கள் என்று கட்டம் கட்டமாக டிக் அடிக்கிற தாள். நான் பார்த்தபோது சாயங்காலம் நாலு மணிகூட ஆகவில்லை. சார்ட்டில் ராத்திரி பத்து மணி வரைக்கும் டிக் விழுந்திருந்தது, எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு. மூச்சுக் காட்டாமல் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், பின்னால் வேறெதையும்விட அந்தப் படம்தான் உதவியது. நீங்களும் போகிற நாளெல்லாம் சார்ட்டைப் பாருங்கள், இல்லவே இல்லை என்றால் ஏன் இல்லை என்று கேளுங்கள்.

டயப்பருக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. காலையில் போகும்போது டயப்பரின் ஓரத்தில் பேனாவால் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு வாருங்கள், சாயங்காலம் மறுபடி போய்ப் பாருங்கள், அந்தப் புள்ளி அங்கேயே இருந்தால் விஷயம் முடிந்தது. அந்த இல்லத்தில் கூட்டிப் பெருக்குகிற அக்கா ஒருவர் பேச்சுவாக்கில் என்னிடம் சொன்னார், "தண்ணி நிறையக் குடுத்தா நிறைய மாத்தணுமுங்க அம்மிணி, அதனால சாயங்காலத்துக்கு மேல குடுக்க மாட்டாங்க." அவர் புகாராகச் சொல்லவில்லை, அங்கே அதுதான் நடைமுறை என்கிற மாதிரி சொன்னார். உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாக இருந்தால் தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம். வயதானவர்களுக்குத் தண்ணீர் குறைந்தாலும் சிறுநீரில் கிருமி வந்தாலும் திடீரென்று புத்தி தடுமாறும், சம்பந்தமில்லாமல் பேசுவார்கள். "மறதி முத்திப்போச்சுங்க" என்று இல்லத்தில் சொல்வார்கள். மறதி நோய் ஒரு வாரத்தில் அப்படி முத்தாது. திடீர் மாற்றம் என்றால் உடனே ரத்தமும் சிறுநீரும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அத்தை சொல்வதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. சாப்பிட்டு அரை மணி நேரத்தில் "எனக்கு யாரும் சோறே போடல கண்ணு" என்பார், வீட்டில் இருந்தபோதே அப்படித்தான். ஆனால் தலையணை உறைக்குள் பாதி இட்லியும் மேரி பிஸ்கட்டும் டிஷ்யூவில் சுற்றி வைத்திருந்ததை நானே எடுத்தேன். ஒளித்து வைத்துச் சாப்பிடுகிறார் என்றால், அடுத்த வேளை எப்போது வரும் என்ற நம்பிக்கை இல்லை. விசாரித்தால், ராத்திரிச் சாப்பாடு ஐந்தரை மணிக்கே முடிந்துவிடுகிறது, காலை டிபன் எட்டரை மணிக்கு. நடுவில் ஒன்றும் இல்லை. ஆட்கள் ஷிஃப்ட் மாறுவதற்கு வசதி. அத்தைக்கு சர்க்கரை மாத்திரை உண்டு, க்ளிமிபிரைடு வகை. அதைப் போட்டுவிட்டு அவ்வளவு நேரம் வயிறு காலியாக இருந்தால் ராத்திரியில் சர்க்கரை கீழே இறங்கும், வேர்த்துக் கொட்டும், காலையில் எழுப்பினாலும் தெளிவாக இருக்காது. காலையில் போகும்போதெல்லாம் அவர் சொக்கிக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று பிறகு பார்த்த டாக்டர் சொன்னார்.

எடையை மட்டும் விடாமல் பாருங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டு எழுதி வைக்கச் சொல்லிச் சேர்க்கும்போதே ஒப்பந்தத்தில் போட்டுவிடுங்கள். ஒரு மாதத்தில் 5 சதவீதம், ஆறு மாதத்தில் 10 சதவீதம் இறங்கினால் மருத்துவர்கள் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். ஐம்பது கிலோ இருந்தவர் ஒரே மாதத்தில் இரண்டரை கிலோ இறங்குவது அது. எடை மெஷின் இல்லாவிட்டால் வளையல் இருக்கிறது, மோதிரம் இருக்கிறது, ஜாக்கெட் கை இருக்கிறது, தொளதொளவென்று ஆகிவிட்டதா என்று பாருங்கள்.

அத்தை காலையில் சொக்கிக் கிடந்ததற்கு இன்னொரு காரணம் மாத்திரை. இதைத்தான் எல்லாரும் தவற விடுவார்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தூங்குகிற பாட்டியைப் பார்த்தால் நமக்கு நிம்மதியாக இருக்கும். ராத்திரியில் சத்தம் போடுகிறவர்களுக்கு, எழுந்து நடக்கிறவர்களுக்கு, குயட்டியாபின், லோராசெபாம் மாதிரி மருந்துகளைக் கொடுத்துப் படுக்க வைப்பது சுலபமான வழி. டாக்டர் பார்த்து, குறைந்த அளவில், காரணத்தோடு எழுதினால் அது வேறு. மறதி நோய் உள்ள முதியவர்களுக்குக் குயட்டியாபின் வகை மனநல மருந்துகள் உயிராபத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே எச்சரிக்கை கொடுத்துவிட்டது. தூக்கக் கலக்கத்தில் விழுவார்கள், விழுங்கும்போது புரையேறி நெஞ்சில் சளி கட்டும், அசையாமல் கிடப்பதால் படுக்கைப் புண் வரும். அத்தையின் புண்ணுக்கும் இதற்கும் தொடர்பு இருந்தது.

அத்தைக்கும் இப்படிக் கொடுத்ததை எனக்குச் சொன்னது ஒடிசாவிலிருந்து வந்து அங்கே வேலை பார்த்த ஒரு பெண். இருபது வயதுகூட இருக்காது. பன்னிரண்டு மணி நேர ராத்திரி டியூட்டி, மாடி முழுக்க அவள் ஒருத்திதான், அதிலும் பாதிப் பேர் பெட் பேஷண்ட். "பாட்டி ராத்திரி சத்தம் தீதி... மேடம் சொல்லி, மாத்திரை ரெண்டு" என்று விரலைக் காட்டினாள். டாக்டர் சீட்டில் அரை மாத்திரை. அந்தப் பெண்ணின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு ஆளை விட்டு இத்தனை பேரைத் திருப்பிப் போடச் சொன்னால் யாராக இருந்தாலும் மாத்திரையைத்தான் எடுப்பார்கள். ஆனால் ஆள் பற்றாக்குறை என்பதற்காக நம் வீட்டுப் பெரியவர் அதைத் தாங்க வேண்டும் என்று இல்லை. சேர்ப்பதற்கு முன்னால் பகலில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், ராத்திரி எத்தனை பேர் என்று கேளுங்கள். மருந்துச் சீட்டின் நகல் உங்கள் கையில் இருக்கட்டும், ஸ்ட்ரிப்பில் எத்தனை மாத்திரை மிச்சம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள், ஒரு மாதத்துக்கு வாங்கிக் கொடுத்தது இரண்டு வாரத்தில் தீர்ந்தால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

சரி, அடி. முன்கையில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் உடனே அடித்துவிட்டார்கள் என்று முடிவுக்கு வரக்கூடாது. வயதானால் தோல் காகிதமாகிவிடும், ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாதிரி ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை போடுகிறவர்களுக்குக் கட்டில் கம்பியில் லேசாக இடித்தாலே ரத்தம் கட்டிக்கொள்ளும். எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். கலிபோர்னியாவில் முதியவர்களின் உடலில் தற்செயலாக ஏற்பட்ட கன்றல்களைக் கவனித்து 2005-ல் ஓர் ஆய்வு வந்தது. அதில் கிட்டத்தட்ட 90 சதவீதம் கை கால்களில்தான் இருந்தன, கழுத்து, காது, பிட்டம், பிறப்புறுப்பு, உள்ளங்கால் ஆகிய இடங்களில் ஒன்றுகூட இல்லை. அப்படிப்பட்ட இடங்களில் இருந்தால் கேள்வி கேட்டே ஆக வேண்டும். மேல் கையின் உள்பக்கம் விரல் பதிந்த மாதிரி வரிசையாக இருந்தால் இறுக்கிப் பிடித்திருக்கிறார்கள். இரண்டு மணிக்கட்டிலும் வளையம் மாதிரி தடம் இருந்தால் கட்டிப் போட்டிருக்கிறார்கள், கயிறு தேவையில்லை, பழைய வேட்டித் துணியே போதும். நிறத்தை வைத்து இது இத்தனை நாள் பழசு என்று சொல்லிவிட முடியாது, அதில் டாக்டர்களே உறுதியாகச் சொல்ல மாட்டார்கள். கட்டிலின் பக்கக் கம்பியையும் பாருங்கள், துணி முடிச்சு தொங்குகிறதா என்று.

காரணம் கேட்டால் ஆளுக்கு ஒரு கதை வருகிறதா என்றும் கவனியுங்கள். மேனேஜர் பாத்ரூமில் விழுந்தார் என்கிறார், ஆயா கட்டிலிலிருந்து விழுந்தார் என்கிறார், எழுந்து உட்காரவே முடியாதவர் எப்படி பாத்ரூமுக்குப் போனார்?

அத்தையிடம் நேராக "அடிச்சாங்களா?" என்று நான் கேட்கவில்லை. மறதி உள்ளவர்களிடம் அப்படிக் கேட்டால் ஆமாம் என்றும் சொல்வார்கள், இல்லை என்றும் சொல்வார்கள், இரண்டுக்கும் மதிப்பு இல்லாமல் போய்விடும். ஆயா இல்லாத நேரமாகப் பார்த்து, தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டே, "யாரு அத்தை உங்களைக் குளிப்பாட்டி விடறது? சுடுதண்ணி ஊத்தறாங்களா?" என்று ஆரம்பித்தேன். பதில் சொல்லவில்லை. குளிப்பது என்ற பேச்சை எடுத்ததும் நல்ல கையால் நைட்டியின் கழுத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறைக்குள் ஒரு குறிப்பிட்ட ஆள் நுழைந்தால் கண்ணை மூடிக்கொள்வது, கையை ஓங்காமலே முகத்தை மறைப்பது, நிறையப் பேசியவர் வாயே திறக்காமல் போவது, இதெல்லாம் வார்த்தையைவிட நம்பகமான சாட்சி. மரியாதையையும் கவனியுங்கள். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் "டீச்சர்" என்று கூப்பிட்டவரை நமக்கு முன்னாலேயே "ஏய், வாயைத் தொற" என்கிறார்கள் என்றால், நாம் இல்லாதபோது எப்படி இருக்கும்? பேன் வந்துவிட்டது என்று கேட்காமலே முடியை ஒட்ட வெட்டிவிடுவதும் இந்தக் கணக்கில்தான் வரும்.

பார்வை நேரம் சாயங்காலம் நாலிலிருந்து ஐந்து மட்டும் என்று சொல்கிற இடத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. தொற்று பரவும் காலத்தில் கட்டுப்பாடு வைக்கலாம், வருஷம் முழுக்க வைத்தால் எதையோ மறைக்கிறார்கள். சாப்பாட்டு நேரத்தில் போங்கள், குளிக்கிற நேரத்தில் போங்கள், ஞாயிற்றுக்கிழமை காலையில் சொல்லாமல் போங்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிறவர்கள் உள்ளூரில் யாரையாவது அனுப்புங்கள். நேரம் குறித்து வருகிற வீடியோ காலில் பவுடர் போட்ட முகம் மட்டும்தான் தெரியும்.

பண விஷயம் சுருக்கமாக. ஏடிஎம் அட்டை, பின் நம்பர், பென்ஷன் பாஸ்புக், நகை எதுவும் அங்கே இருக்கக் கூடாது. மருந்துச் செலவு, டயப்பர் செலவு என்று வருகிற பில்லைப் புள்ளி வைத்த டயப்பரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டைவிரலில் மை அடையாளம் இருந்தால் எந்தத் தாளில் ரேகை வாங்கினார்கள் என்று அன்றைக்கே கேளுங்கள். கவனித்துக்கொள்வோம் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதி வாங்கிவிட்டுக் கவனிக்காமல் விட்டால், 2007-ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில்தான் மனு கொடுக்க வேண்டும்.

சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது? அங்கேயே நின்று கத்தலாம், எனக்கும் கத்தத்தான் தோன்றியது. ஆனால் நாம் கத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம், ராத்திரி அத்தை அவர்கள் கையில் இருப்பார். அதனால் முதலில் ஆளை வெளியே எடுங்கள், புகார் பிறகு. அத்தையை டாக்டரிடம் காட்டிவிட்டு வருகிறோம் என்று சொல்லித்தான் ஆம்புலன்ஸில் ஏற்றினோம். அதற்கு முன்பே புண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்தாயிற்று, அளவு தெரியும், போனில் தேதி தானாகப் பதியும். சிகிச்சை கொடுக்கிற டாக்டரிடம் புண் எந்த நிலையில் இருக்கிறது, எடை என்ன என்று சீட்டில் எழுதச் சொல்லி வாங்கினோம். காயம் இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போய் ஏ.ஆர். (காயத்தைப் பதிவு செய்கிற விபத்துப் பதிவேடு) போடச் சொல்லுங்கள், போலீசுக்குப் போகும்போது அந்த நகல் இல்லாமல் பேச்சு நகராது.

அப்புறம் முதியோர் உதவி எண் 14567, காலை 8 மணியிலிருந்து ராத்திரி 8 மணி வரை எடுப்பார்கள், கட்டணம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமையும் உண்டு. அவசரம் என்றால் 112. எழுத்துப் புகார் மாவட்ட சமூக நல அலுவலருக்கு, கலெக்டர் ஆபீஸ் வளாகத்தில் விசாரித்தால் காட்டுவார்கள், அல்லது திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுத்து ரசீது வாங்கலாம். இல்லம் பதிவு பெற்றதா என்று அந்த மனுவிலேயே ஒரு வரி கேளுங்கள். எங்கள் மனுவில் அந்த வரிக்குத்தான் சீக்கிரம் பதில் வந்தது, ஆய்வுக்கு ஆள் வந்ததும் அதனால்தான்.

அந்த ஒடிசாப் பெண் சொன்னதை நாங்கள் எங்கேயும் எழுதவில்லை. சார்ட் படமும் மருந்துச் சீட்டும் மாத்திரைக் கணக்கும் போதுமாக இருந்தன, அவள் வேலையையும் இழக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

வெளியே வரும்போது ஒப்பந்தத்தின் நகல், கட்டிய ரசீதுகள், மருத்துவக் கோப்பு, ஆதார் அட்டை, பென்ஷன் தாள்கள் எல்லாவற்றையும் கேட்டு வாங்கிவிடுங்கள், அடுத்த நாள் போனால் "ஃபைல் ஆடிட்டர்கிட்ட இருக்கு" என்பார்கள். அத்தையின் குதிகால் ஆற மாதக்கணக்கில் ஆனது, இறந்த சதையை வெட்டி எடுத்து, தினமும் கட்டு மாற்றி. இப்போது இருக்கிற இடத்தில் கட்டடம் சுமார்தான், ஆனால் சார்ட்டை நாம் கேட்பதற்கு முன்னால் நீட்டுகிறார்கள். பழைய இல்லம் அட்வான்ஸில் பாதியைப் பிடித்துக்கொண்டது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறோம், கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்துத்தான் போட வேண்டும் என்றும் இல்லை.